மதகுப் பள்ளத்து விரால்

எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் மீன் பிடிக்கலாம், மதகுப் பள்ளத்தைத் தவிர. கோடையில் ஏரி வற்றினாலும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், தாய் விரால்கள் அங்கேதான் ஒதுங்கும். அவற்றையும் ஒருமுறை அரித்துத் தின்றோம். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியும் மீன் இல்லை. அப்புறம்தான் ஊர் கூடி, பள்ளத்தில் இனி வலை விழக் கூடாது என்று முடிவெடுத்து, வலை விட்டால் சிக்கிக் கிழியட்டும் என்று வேலிகாத்தான் முள்ளை வெட்டி உள்ளே போட்டோம். கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் ஊர்த் தலைவர் காசி. கை தூக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அதே காசிதான், 2004 மே மாதம், மகன் கல்யாணத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு விரால் குழம்பு ஊற்ற ஆசைப்பட்டார். பெண்கள் நாங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆள் வைத்து முள்ளை இழுத்துப் போட்டு வலை விட்டார். எங்களைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர்தான், தினம் ஏற்றிப்போகும் வேனும் அவருடையது. எவள் வாயைத் திறப்பாள் என்ற திமிர்.

சனிக்கிழமை மாலை வேன் ஏரிக்கரையில் திரும்பும்போது, கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷினில் தைக்கும் நசீமுன்னிசா கத்தினாள். "சவுரி, அங்க பாருடி! பள்ளத்துல ஆளுங்க!"

இறங்கி ஓடினோம். கரையில் நீல டிரம்கள், அவற்றில் சினை விரால்கள். மறுநாள் கல்யாணத்துக்குக் காலையில் வெட்டும்வரை உயிரோடு வைக்க ஏற்பாடு. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வரும் பழைய ஆசிட் டிரம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. சுண்ணாம்பு போட்டு ஊறவைத்துக் கழுவாமல் யாரும் அதில் தண்ணீர் பிடிக்க மாட்டோம். காசியின் ஆட்கள் கழுவவில்லை. ஆசிட் நெடி மூக்கைத் துளைத்தது. விரால்கள் மல்லாந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

நசீமுன்னிசா ஒரு டிரம்மைச் சாய்க்கப் போனாள். நான் தடுத்தேன்.

"கவுக்காதடி! அந்தத் தண்ணி பள்ளத்துல எறங்குனா மிச்சம் இருக்கறதும் செத்துப்பூடும். கையால அள்ளு!"

கம்பெனி ஏப்ரனைக் கழற்றி, அதில் மீனை அள்ளி, முழங்கால் சேற்றில் இறங்கிப் பள்ளத்தில் விட்டோம். காசி பைக்கில் வந்து நின்றார்.

"இன்னாம்மா சவுரி, பேஜார் பண்றியா? ஏரி இன்னா உங்கப்பன் வூட்டுதா?"

"எங்கப்பன் வூட்டுதும் இல்ல, உங்கப்பன் வூட்டுதும் இல்ல. ஊருது!"

"திங்கக்கெழம வேன்ல கால வெச்சுப் பாரு."

கம்பெனிச் சம்பளத்தில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. பயமே இல்லை என்றால் பொய். அந்தப் பயத்தோடுதான் அடுத்த விராலைத் தூக்கினேன். சில செத்து மிதந்தன. மற்றவை வாலை அடித்துக்கொண்டு உள்ளே போயின. பாவி மனுஷன், ஒரு வேளைக் குழம்புக்கு!

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒன்ன மட்டும் ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாரு அக்கா."

உள்ளே உட்கார்ந்திருந்த நசீமுன்னிசா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லோரும் இறங்கினார்கள்.

கம்பெனியிலிருந்து போன் போயிருக்க வேண்டும். காசி பறந்து வந்தார். "ஆளில்லாம கம்பெனில லைன் நிக்குதாம். சரி சரி, நீயும் ஏறு."

"ஊரக் கூட்டு. வலை வுட்டது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. அப்பறம் ஏர்றோம்."

அவர் முறைத்தார். நாங்கள் ரோட்டிலேயே உட்கார்ந்தோம். கடைசியில் அவரே போய் ஊரைக் கூட்டி, தப்புதான் என்று வாய்க்குள் முனகினார். கேட்கவில்லை என்று மறுபடி சொல்லவைத்தோம்.

அன்று வேன் தாமதமாகக் கிளம்பியது. காசி வந்தால் உட்காரும் முன் சீட்டில் நான் உட்கார்ந்தேன்.