அம்மாவுக்குப் போட்ட இலை

தாராவியில் காயலான் சாமான் வாங்குகிற தாஹிரின் பங்கார் கடையில் பழைய பிளாஸ்டிக் மூட்டைகளை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாஹிர் மூட்டையை இறக்கினதும் பூலோகம் அதில் ஏறி நிற்பான்.

"போன வாரத்துக்கு முக்கா கிலோ கூட. பேருக்கு ஏத்த மாதிரி பூலோகம் பெருத்துக்கிட்டே போவுது அண்ணாச்சி," என்றான் தாஹிர்.

"தராசு பொய் சொல்லுது வே."

"தராசுக்கு ஏது வாயி? பொய் சொல்லுததெல்லாம் வாய் உள்ள சாமான்தான்."

பூலோகம் தராசைவிட்டு இறங்கினான். அவனுக்குக் குடலிறக்கம். தோல் பை பட்டறையில் தோல் கட்டு தூக்கித் தூக்கி அடிவயிறு பிதுங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, பத்து கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன், இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரை கட்டைத் தொடக்கூடாது. கட்டு தூக்காதவனுக்குப் பட்டறையில் நூல் கத்தரிக்கிற வேலைதான். அது கிழடுகள் பார்க்கிற வேலை, கூலியும் கிழட்டுக் கூலிதான். பெண்டாட்டி இசக்கி இட்லி மாவு அரைத்து விற்றுக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்காக அவள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியையே கவிழ்த்து வைத்துவிட்டாள். அப்பளம்கூடச் சுடுகிறதுதான், பொரிக்கிறதில்லை. பூலோகமோ அவளுக்கும் ஒரு படி மேலே போய், ராத்திரி தட்டைக் கண்டாலே கையை ஆட்டுவான். "வேண்டாம்ட்டி, டயட்டு." சந்துப் பெண்கள் இதைக் கேட்டு, "இசக்கி வீட்டுக்காரருக்கு என்ன வைராக்கியம்!" என்பார்கள். ஆள் பார்க்க இருக்கிற வைராக்கியத்தை எந்தக் காலத்திலும் நம்பக்கூடாது. ஊர் அடங்கினதும் பூலோகம் பொதுக் கக்கூசுக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டுவான். கக்கூசுக்குப் பக்கத்திலேதான் நைட் ஷிப்ட்காரர்களுக்கு முட்டைப் புர்ஜியும் பாவ் ரொட்டியும் போடுகிற வண்டி நிற்கும். பகலெல்லாம் காயப்போட்ட வயிறு அங்கே போய் அவிழ்ந்துவிடும். திரும்பி வருகையில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே வருவான். வெட்கம் இருந்தது. வெட்கத்தைவிடப் பசி பெரிதாக இருந்தது.

அவனுக்கு ஒரே தங்கை முத்துமாரி. கோவண்டியில் இருக்கிறாள், நாலு வீட்டில் சமையல் வேலை. வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று அம்மா அவளை வாசலோடு நிறுத்தி, "இனிமே ஒன் கையால பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்று சொன்னவள்தான். சொன்னபடியே குடிக்காமல் செத்தும் போனாள். கிழவி அதைச் சொன்னது கோபத்தில். தங்கை அதைச் சுமந்தது ஆயுசுக்கும்.

வருஷா வருஷம் அம்மா செத்த நாளில் முத்துமாரி அண்ணன் வீட்டுக்கு வந்து படையல் போடுவாள். உளுந்த வடை, அதிரசம், அம்மாவுக்கு உயிரான, உருளைக்கிழங்கு வைத்த பட்டாட்டா வடை, ஒரு டம்ளர் தண்ணீர். இலையைப் போட்டுவிட்டு எல்லாரும் மேலே பரணில் ஏறிப் படுத்துவிட வேண்டும். விடியும்வரை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம். விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். செத்தவர்கள் வாசனையைத்தான் எடுப்பார்கள் என்று இசக்கி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். முத்துமாரி கேட்கமாட்டாள். இன்னும் அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயில் ஏறுவாள்.

இந்த வருஷமும் இலை போட்டாள். கவிழ்த்து வைத்த எண்ணெய்ச் சட்டி அன்று ஒரு நாள் நிமிர்ந்தது. பரணில் படுத்திருந்த பூலோகத்துக்குக் கீழேயிருந்து வடை வாசனை மூக்கில் ஏறியது. ராத்திரி வழக்கம்போல் தட்டைத் தள்ளினவன். ஒன்றே ஒன்று என்று ஏணியில் இறங்கினான். அந்த ஒன்று என்கிற சொல் இருக்கிறதே, அதைப்போல ஏமாற்றுக்காரச் சொல் தமிழில் வேறு கிடையாது. இலை காலியானது. அதிரசம் தொண்டையை அடைக்க, பக்கத்தில் இருந்த தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிட்டான்.

விடிந்ததும் முத்துமாரி போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது.

"அம்மா வந்துட்டுப் போயிட்டா மைனி! இலையப் பாருங்க, துணுக்குகூட மிச்சமில்ல!"

"எலி, கிலி இழுத்திருக்கும் முத்து," என்றாள் இசக்கி.

"எலி டம்ளரத் தூக்கித் தண்ணி குடிக்குமா மைனி? எங்கம்மா என் கையால தண்ணி குடிச்சிட்டா!" வெறும் டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனைப் பார்த்து, "ஒன் வீட்டுல வச்சுத்தாண்ணே எனக்கு மன்னிப்பு கெடச்சுது," என்று அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூலோகத்துக்கு அந்தக் காலை வெட்டிப் போட்டுவிடலாம்போல் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் இசக்கி கதவைச் சாத்தினாள். "ஒங்க அம்மா எண்ணெய்க் கைய ஒங்க பனியன்ல தொடச்சிட்டுப் போயிருக்காவ போல."

அவன் குனிந்து பார்த்தான். விரல் விரலாகப் பதிந்திருந்தது.

"நான் ஒரு முட்டாப்பய மனுசனுக்கா அப்பளத்தச் சுட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன்? போயி அந்தப் புள்ளகிட்ட உண்மையச் சொல்லுங்க."

"எப்பிடிட்டி சொல்ல? இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் சிரிச்சிருக்கா. கெடுக்கச் சொல்லுதியா?"

பாதி அன்பு, பாதி பயம். அன்பைப் போர்த்திக்கொண்டு வருகிற பயத்தை அடையாளம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். இசக்கியும் அதில் ஏமாந்தாள். நாத்தனாரின் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கும் மனசு வரவில்லை. "இனிமே ராத்திரி வாயத் தொறந்தா பாத்துக்கிடுங்க" என்பதோடு விட்டுவிட்டாள்.

ஆனால் முத்துமாரி விடவில்லை. அம்மா பசியோடு இருந்திருக்கிறாள் என்று, அடுத்த வெள்ளிக்கிழமையே தூக்குவாளியோடு வந்து நின்றாள். அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் வந்தாள். இலையைப் போட்டுவிட்டுக் கடைசி ரயிலுக்கு ஓடுவாள், மறுநாள் போன் போட்டு, "அம்மா சாப்பிட்டாளாண்ணே?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால் அவள் நெஞ்சு உடையும். ஆமாம் என்று சொல்லவேண்டும் என்றால் இலை காலியாக வேண்டும். இசக்கி இலையைத் தூக்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனால், "படையல வெளிய குடுக்கக் கூடாதுட்டி" என்று சாஸ்திரம் பேசினான். தின்னத் தெரிந்தவனுக்குச் சாஸ்திரம் தானாக வரும்.

ஆஸ்பத்திரியில் எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?" என்று டாக்டரம்மா ஹிந்தியில் கேட்டாள். "குச் நஹி" என்றான், ஒன்றுமே தின்பதில்லை என்பது உண்மைபோலவே. அவள் சிரிக்கவில்லை. "அதுதான் தப்பு. பகலெல்லாம் பட்டினி போட்டா ராத்திரி உடம்பு பழி வாங்கும். ஏழு மணிக்கு ரெண்டு சப்பாத்தி, காய், பருப்பு சாப்பிடுங்க. அதுக்கு மேலயும் பசிச்சா வீட்டுல சொல்லுங்க. பசி ஒண்ணும் குத்தம் இல்ல." ஆபரேஷன் தேதியை அடித்துத் தள்ளி வைத்தாள். டாக்டர்கள் சொல்கிறதையெல்லாம் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. இதை நம்பியிருக்கலாம். பூலோகம் நம்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முத்துமாரி வரவில்லை. அவள் போனிலிருந்து யாரோ ஒரு பெண் பேசினாள். குர்லா ஸ்டேஷன் படியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். பூலோகமும் இசக்கியும் போய்ப் பார்த்தபோது பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள், நெற்றியில் கட்டு. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தது. மடியில் தூக்குவாளி, ஒரு வடைகூடச் சிந்தவில்லை.

"என்ன முத்து, சாப்பிடலியா?" என்றாள் இசக்கி.

"வெள்ளிக்கெழம நான் தண்ணிகூடக் குடிக்கதில்ல மைனி. அம்மா சாப்பிட்டாச்சுன்னு அண்ணன் காலைல சொன்ன பெறவுதான் குடிக்கது. அவ வாய்க்குப் போன பெறவு போதும் எனக்கு." பிறகு அண்ணனிடம் வாளியை நீட்டினாள். "சீக்கிரம் கொண்டு போண்ணே. ஆறிப் போவும்."

இசக்கி புருஷனைப் பார்த்தாள். ரயில்கள் வந்து போகிற இரைச்சலில் பூலோகம் தங்கையின் காலடியில் உட்கார்ந்தான். வயிறு இடித்தது.

"அம்மா வரல முத்து. நாந்தான் தின்னேன்."

அவளுக்குப் புரிய நேரம் ஆனது.

"எல்லா வெள்ளியுமா?"

"ஆமா."

"அந்தத் தண்ணி? மொத நா குடிச்ச தண்ணி?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். முத்துமாரி வாளியை அப்படியே கீழே வைத்தாள். அழுவாள் என்று பார்த்தான், அழவில்லை. அழுதிருந்தாலும் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடிப்பாள் என்று பார்த்தான், அதுவும் இல்லை. போகிற வருகிற ஜனம் அந்தப் பெரிய உடம்பு தரையில் உட்கார்ந்து விம்முகிறதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது.

"நீ பசிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒனக்கு ஊட்டியிருப்பேனே," என்றாள் கடைசியில். "பசிக்குதுன்னு சொல்ல வெக்கப்பட்ட. செத்தவ இலையில கைய வைக்க வெக்கப்படலியா?"

"தப்புத்தான் முத்து. தப்புத்தான்."

"எழுந்திரு. சனம் பாக்குது."

இசக்கி வாளியைத் திறந்து, முதல் வடையை முத்துமாரியின் கையில் வைத்தாள். முத்துமாரி அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை அண்ணனுக்கு நீட்டினாள்.

"இந்தா, எல்லாரும் பாக்க இங்க உக்காந்து தின்னு. பாதிதான். ஒளிச்சுத் திங்குற வாய்க்கு அளவும் தெரியாதுண்ணே, அது யாரு சோறுன்னும் தெரியாது."