நம்பருக்கு வைத்த பொட்டு

சுப்பையா லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி துப்பாக்கிக் குழலின் மேல் குனிந்தார். இது மூன்றாவது தடவை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு, பெற்ற அம்மாவே அப்படித்தான் சொல்வாள்.

"என்ன சார், இருக்கா இல்லையா?"

"முதல்ல நாலு இருக்கு. ஒண்ணு இருக்கு. கடைசில ஆறு மாதிரி ஒண்ணு. நடுவுல ரெண்டு ஹோய்து மேடம்," என்றார். போயே போச்சாம். குடகுக்காரர், தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் முப்பது வருஷமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று மைசூரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அவரும் நினைக்கிறார்.

அப்பா காலமான நாளிலிருந்து துப்பாக்கி இவருடைய கடை இரும்பு அலமாரியில்தான் இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருந்தவர் போய்விட்டால் அடுத்தவர் பேருக்கு மாறும்வரை இப்படிக் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும். வியாழக்கிழமை சோதனைக்கு அதிகாரி வருகிறார். குழலில் வெட்டியிருக்கும் நம்பரும் லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் நம்பரும் ஒன்றுதான் என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் என் பேருக்கு வரும். பார்க்க முடியாவிட்டால் அது யாருடையதும் இல்லாத இரும்பு, எடுத்துப்போய்த் துண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள். அன்றைக்குத் திங்கட்கிழமை.

அப்பா அய்யாவு ஹனூர்ப் பக்கத்து விவசாயி. அவருடைய தாத்தா காட்டுப்பன்றி விரட்ட வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல், என் தோள் உயரம் வரும். அப்பா சோளக்காட்டுப் பரணில் இருந்துகொண்டு வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். பன்றி ஓடும், யானைகூடச் சில நாள் யோசித்துவிட்டுத் திரும்பிவிடும். எந்த உயிரையும் அது எடுத்ததில்லை. அதில் அப்பாவுக்கு ஒரு கர்வம். எனக்கும்தான்.

தேர்தல் வந்தால் ஊரில் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்படி வாங்கப் போனோம். சாரல் அடித்து, கட்டியிருந்த சீட்டுகளில் மை கரைந்து, எது யாருடையது என்று தெரியாமல் எழுபது எண்பது துப்பாக்கிகள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தன. பெரியவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். நான் குவியலுக்குள் புகுந்து ஒவ்வொரு குழலாகத் தடவிப் படித்துக்கொண்டே போனேன். "நாலு, ஒண்ணு, ஏழு, மூணு, ஆறு! அப்பா, இந்தா நம்முளுது!" கத்திக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அப்பா ஒரு தோளில் துப்பாக்கி, இன்னொரு தோளில் என்னை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்காமலேயே சொன்னார், "எம்புள்ள படிச்சு வாங்குனதுங்."

சாகும்முன் பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு எழுதிவைத்ததிலும் அதுதான் இருந்தது. காடு பழனிக்கு. வீடு கௌரம்மாளுக்கு, அதாவது அம்மாவுக்கு. துப்பாக்கி, அதைப் படிச்சுக் கூட்டியாந்த மோகனப்ரியாவுக்கு. என் அண்ணன் பழனி விழுந்து விழுந்து சிரித்தான். "பொட்டப்புள்ளைக்குத் துப்பாக்கியாமா! மாப்ள இனி வாயத் தொறப்பாரு?" என்றான். சிரித்தாலும் ஆட்சேபணை இல்லை என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டதும் அவன்தான்.

அந்த நம்பர் எப்படிப் போயிற்று என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சுப்பையாவிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பவர்கள் எங்கே வைப்பார்கள்? நம்பர் பிளேட்டில். எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான். துப்பாக்கிக்கு நம்பர்தான் பேர், பேருக்குத்தானே பொட்டு வைக்க வேண்டும்? வருஷா வருஷம் அம்மா குளித்துவிட்டு வந்து, சந்தனத்தைக் குழைத்து, சரியாக நம்பர் மேல் வைத்து, நடுவில் குங்குமத்தையும் அப்புவாள். அதைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரவேண்டும் என்று வேறு ஒரு சட்டம். ஈரச் சந்தனம் இரும்பில் ஐம்பது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? மற்ற இடமெல்லாம் எண்ணெய் தின்று பழுப்பாக, அழகாக இருக்க, நம்பர் இருந்த இடம் மட்டும் அம்மைத் தழும்பு விழுந்த முகமாக இருந்தது. எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாராலும் இவ்வளவு பக்தியாக ஒரு பொருளைக் கெடுத்திருக்க முடியாது.

போனில் பழனி வழி சொன்னான். "எமரித் தாள் வாங்கி அழுத்தி ஒரு தேய் தேய்ச்சுப்போடு. பளபளன்னு ஆயிரும்." பளபளவென்று ஆகும்தான். மிச்சமிருக்கும் நம்பரும் பளபளவென்று போகும். சுப்பையாவும் தன் கடை ஆளிடம் கொடுத்து மெஷினில் மெருகு போடலாமா என்று கேட்டார். "யாரும் தொடவேண்டாம், நானே பார்த்துக்கறேன்," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பார்க்கட்டும். சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் லேபில் பத்தொன்பது வருஷமாகப் பல் கட்டுகிறேன். மைசூரில் கல்யாண வீட்டில் முறுக்குக் கடிக்கும் கிழவர்களில் பாதிப் பேர் என் கைவேலையால்தான் கடிக்கிறார்கள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள், போன சொல்லைத் திருப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் கடிக்கும்போது தெரியும் வேலை. என் அவசரமெல்லாம் வாயில்தான், கைக்குக் கிடையாது.

லேபில் மூன்று நாளும் அரை நாள் லீவு போட்டேன். சுப்பையாவின் கடையில் ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தார். நம்பர் இருந்த இடத்தில் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக் கட்டி ஊறவிட்டேன். செவ்வாய்க்கிழமை மூங்கில் குச்சியைச் சீவி, அதன் நுனியால் ஊறிய துருவை ஒரு கடுகளவு, இரண்டு கடுகளவாக எடுத்தேன். இரும்பை இரும்பால் தொடவில்லை. துருவுக்கு அடியில் சந்தனமும் குங்குமமும் கெட்டியாகி, பாறை மாதிரி அடுக்கடுக்காக இருந்தன. அதைக் கிளறும்போது லேசாக ஒரு வாசனைகூட வந்தது. வெளியே தசராவுக்குத் தெருவெல்லாம் பல்பு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

புதன்கிழமை அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பா போனபின் என்னோடுதான் இருக்கிறாள். கடைக்குள் வந்ததும் மேசையருகே நின்றவள் பஞ்சில் ஒட்டியிருந்த செம்மண் நிறத்தைப் பார்த்தாள்.

"அதையெதுக்கு அம்மணி சொரண்டற? அது நான் வெச்ச பொட்டாச்சே."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "அதுலதாம்மா நம்பர் போயிருச்சு," என்றேன்.

 அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை மடியில் மடித்து மடித்து விரித்தாள். "உங்கொப்பன் அந்த எடத்துலதான் வெக்கோணும்னு சொல்லுவாரு. நானும் வெச்சேன்," என்றாள். அவ்வளவுதான். அதற்கு அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

துரு போயும் கண்ணுக்கு நம்பர் வரவில்லை. கண்ணுக்கு வராதது அச்சுக்கு வரும் என்பது என் தொழிலில் பாலபாடம். பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட அச்செடுக்கும் பசையில் விழுந்துவிடும். குழலில் இருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பசையைக் கலந்து அந்த இடத்தில் அப்பி, இறுகியதும் உரித்தெடுத்தேன். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்தேன். குழலின் அந்த ஒரு சாண் நீளம் வெள்ளை வெளேரென்று கைக்கு வந்தது. சுப்பையா லென்ஸோடு ஓடி வந்தார். நாலும் ஒன்றும் ஆறும் நன்றாகவே விழுந்திருந்தன. நடுவில் ஏதோ இருப்பது விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையில் வெள்ளையை எப்படிப் படிப்பது? வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

"மாதேஸ்வரன் மலைப் படில பேர் வெட்டியிருப்பாங்க பாரு," என்றாள் அம்மா திடீரென்று. "சும்மாப் பாத்தா ஒண்ணும் தெரியாது. பொம்பளைங்க படிக்குப் படி குங்குமம் தடவிட்டுப் போனப்பறம் பளிச்சுன்னு தெரியும். எனக்குத்தான் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கறது தெரியும்."

சுப்பையாவின் கல்லாவுக்கு மேலே சாமி படம், அதன் கீழே குங்குமக் கிண்ணம். நான் எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்பா போய்ப் பதினொரு மாதமாகிறது. "நான் தொடறதில்ல கண்ணு. நீயே போடு."

காய்ந்த குங்குமத்தைத் தடவி, மேலாக ஊதிவிட்டேன். பள்ளத்தில் மட்டும் சிவப்பு தங்கியது. ஏழின் தலைக்கோடு வந்தது. பிறகு மூன்றின் இரண்டு வளைவுகள், கீழ் வளைவு அரைகுறை. சுப்பையா லென்ஸையே மறந்துவிட்டார். "பார்ரீ மேடம்! முப்பது வருஷத்துல இப்டி நான் பாத்ததில்ல," என்றார்.

"படி அம்மணி," என்றாள் அம்மா.

நான் படித்தேன். நாலு, ஒண்ணு, ஏழு, மூணு, ஆறு. கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது என்பதையே மறந்து, அன்றைக்கு ஸ்டேஷனில் கத்தின மாதிரியே கத்திவிட்டேன்.

வியாழக்கிழமை அம்மாவும் நானும் கடையில் காத்திருக்க, அதிகாரி வந்தார். இளவயசுக்காரர், சிடுசிடுப்பு இல்லாதவர், ஆனால் எதையும் லேசில் நம்பாதவர். பிளாஸ்டரைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியும் திருப்பினார். திருப்பித் திருப்பிப் பார்த்ததில் குங்குமமெல்லாம் அவர் விரலோடு போய்விட்டது. நடுவில் ஒன்றுமே இல்லையே என்றார் கன்னடத்தில். நான் கிண்ணத்துக்காகத் திரும்புவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

யாரையும் கேட்கவெல்லாம் இல்லை. கிண்ணத்தில் கட்டைவிரலை அழுத்தினாள், அதிகாரியின் கையிலிருந்து பிளாஸ்டரை வாங்கினாள், வருஷா வருஷம் வைத்த அதே அழுத்தத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். ஊதினாள். "இப்பப் பாருங் சார்," என்றாள். "எம்புள்ள ஏழு வயசுலயே படிச்ச நம்பருங். நீங்களும் படிங்."

அவர் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். லென்ஸ் வைத்துக் குழலில் அதே இடத்தைத் தேடி, ஏழின் சாய்கோட்டின் சுவடு இரும்பிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைக் கண்டதும் அவர் முகமும் கொஞ்சம் மலர்ந்தது. ஒத்துப்போகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே அனுப்புவார், அங்கே என்ன சொல்வார்களோ தெரியாது, ஒரு மாதமும் ஆகலாம் ஆறு மாதமும் ஆகலாம். இறந்தவருடைய மனைவியின் ஆட்சேபணை இல்லை என்ற தாள் மட்டும் பாக்கி என்றார். அதில் மேலே நம்பரை எழுதி, கீழே கைநாட்டுக்கு இடம் விட்டிருந்தது.

சுப்பையா மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அதிகாரி நம்பர் சரியாக இருக்கிறதா என்று காட்டத் தாளை அம்மா பக்கம் நகர்த்தினார். படிக்கத் தெரியாத அம்மா, அந்த ஐந்து எண்களையும் வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எடுத்தபோது ஏழுக்கும் மூன்றுக்கும் மேலே சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அய்யோ, தாளு..." என்று துடைக்கப் போனார் சுப்பையா.

"துடைக்கக் கூடாதுங்," என்றாள் அம்மா. "தானா உதிரட்டும்." பிறகு இடது கட்டைவிரலை மையில் ஒற்றினாள்.