கட்டிலின் ஒரு முனை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு இரக்கம் என்பது வாயில் போட்டு மெல்லுகிற சமாச்சாரம். மெல்லுவார்கள், துப்புவார்கள், விழுங்க மட்டும் மாட்டார்கள். விடியற்காலையில் பாய்லர் வாயைத் திறந்து கரியை வீசும்போதெல்லாம் கிழவர் இதைத்தான் முணுமுணுப்பார். கேட்பதற்கு நெருப்பு மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கிற நீராவிச் சலவைக்கூடம் அது. ஐந்து மணிக்குள் பிரஷர் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும். வராவிட்டால் மேஸ்திரி வந்து நிற்பான். அறுபத்தெட்டு வயது முதுகு ஒவ்வொரு வாரலுக்கும் பலகை மாதிரி விறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தமும் சீழும் காய்ந்த மூட்டைகளைப் பெண்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சோடாக்காரம் அவர்கள் விரலிடுக்கைத் தின்றிருந்தது. வெளுக்கிற தொட்டிக்கு அப்பால், ஈர விரிப்பை இழுத்துக் காயவைத்துத் தேய்த்துத் தள்ளுகிற சூட்டு உருளை.

போன மாதம் முதலாளி கூலியைக் குறைத்தார். குறைத்த கையோடு, உருளைக்குள் விரல் போகாமல் தடுக்கிற இரும்புப் பட்டையையும் கழற்றச் சொன்னார். பட்டை இருந்தால் ஒரு விரிப்பு போகும் நேரத்தில், இல்லாவிட்டால் இரண்டு போகும். திங்கட்கிழமை உருளை ஒருத்தியின் வலது கையை மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டது.

அவளுக்கு இங்கே டெலிபோன் என்று பெயர். யார் உட்கார்ந்தாள், யார் முதலாளியைத் திட்டினாள் என்பதெல்லாம் அவள் வழியாகத்தான் ஆபீஸ் அறைக்குப் போகும். ஏழு மாத வயிற்றோடு மூட்டை மேல் பத்து நிமிஷம் உட்கார்ந்த கிழவரின் மகளைப் பற்றிய சேதியும் அப்படித்தான் போனது. அன்றே வேலை போயிற்று. மகள் இப்போது எங்கோ வெளியூரில் பாத்திரம் தேய்க்கிறாள். பேத்தியைக் கிழவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

விரிப்பு மடிக்கிற விதவை ஒருத்தி பாய்லர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, பத்து மணிக்கு டெலிபோன் குடியிருக்கிற கம்பெனி ரூமைக் காலி பண்றாங்களாம். அவ வேலைக்குப் புது ஆளு வருதாம்."

"வரட்டும்."

"அவ புருஷன் ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. தெருவுல எங்கே போட்டுக்குவா?"

"எம் மக எங்கே போட்டுக்கிட்டா?"

மடிப்புக்காரி வாசலை விட்டு நகரவில்லை. "நாங்க எல்லாரும் அவ வாசல்ல நிக்கப் போறோம். நீங்களும் வாங்க."

"உனக்கென்னம்மா! ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் மனசைத் துவைச்சுக்கிட்டு வந்துடறே. என் அழுக்கு அப்படியே இருக்கு."

"முதலாளியுந்தான் அதே கோயிலுக்கு வர்றார். முன்வரிசை. கை போனவளுக்கு ஒரு பை பழமும் ஒரு ஜெபமும் குடுத்தனுப்பினார். நேத்து நான் அவ புருஷனுக்குத் துணி மாத்தினேன். அவளைப் பிடிச்சா பண்ணேன்? என்னையும் ரெண்டு வாட்டி கோள் சொன்னவதான். பிடிச்சவங்களுக்குப் பண்றதுக்கு ஏசப்பா எதுக்கு, பெரியப்பா? அது நாய்க்கும் தெரியும். சிலுவையில அவர் பக்கத்துல தொங்கினவன் யோக்கியனா?"

"அவர் சாமி. நான் கரி அள்றவன். போ, வேலையைப் பாரு."

பத்து மணிக்குச் சங்கு ஊதாமலே பெண்கள் வெளியே வந்தார்கள். கூடத்துக்குப் பின்னால் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். கடைசி அறை வாசலில் இருபது பேர் நின்றார்கள். முதலாளி மேஸ்திரியோடு வந்தார். சத்தம் போடவில்லை.

"வழி விடுங்கம்மா. இல்லைன்னா நாளைக்கு உங்க சாமானும் இதே வாசல்ல இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். ஒருத்தி தன் பிள்ளைகளை நினைத்தாள், நகர்ந்தாள். இன்னொருத்தி நகர்ந்தாள். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. மடிப்புக்காரி மட்டும் அசையவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

சந்தடி கேட்டு எட்டிப் பார்க்க வந்திருந்த கிழவரை முதலாளி பார்த்துவிட்டார். "பெரியவரே, வாங்க. உங்க கையாலதான் இது நடக்கணும். கட்டிலை ஒரு முனை பிடிங்க."

கிழவர் போனார். போகக்கூடாது என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்த நாளை அவர் எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறார்.

டெலிபோன் சுவரோடு ஒட்டி நின்றாள். கைக்கட்டில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. கிழவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தலைமாட்டை மேஸ்திரி பிடித்தான், கால்மாட்டைக் கிழவர் பிடித்தார். கட்டில் எழும்பியது. ஆள் படுத்திருக்கிற கனமே இல்லை.

"பாரம் இருக்காதுண்ணே," என்றான் படுத்திருந்தவன், பல்லைக் காட்டி. "இப்போ சாப்பாடே மாத்திரைதான். மெதுவா போங்க. முதல்ல அவளை நிழல்ல உக்கார வைங்க. மயக்கம் வந்துடும்."

கிழவர் பின்னோக்கி நடந்து வாசற்படியைத் தாண்டினார். பாதிக் கட்டில் வெயிலில், பாதி உள்ளே. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கையில் இரும்புச் சட்டம்தான் அழுத்தியது. யாருக்காக யார் இதைத் தூக்குகிறார்கள் என்று பார்த்தார். மேஸ்திரி தூக்குகிறான், தான் தூக்குகிறோம். முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"மேஸ்திரி, பின்னாடி போ."

"என்ன பெரியவரே?"

"பின்னாடி போடான்னேன்! கட்டிலை எடுத்த இடத்துலயே வைக்கணும்."

தள்ளின வேகத்தில் மேஸ்திரி தடுமாறி உள்ளே போனான். கட்டில் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

முதலாளி கிழவருக்கு முன்னால் வந்தார். "உங்களுக்கு மறந்துபோச்சா? உங்க மக உக்காந்ததை வந்து சொன்னது இவதான்."

"தெரியும்."

"அப்புறம் என்ன இரக்கம்?"

"இரக்கமும் இல்லை, வெங்காயமும் இல்லை. சொன்னது இவ. துரத்தினது யாரு?"

முதலாளியின் முகம் சுருங்கியது. "நான் கூலி குடுக்கறவன்."

"பட்டையைக் கழட்டினதும் நீங்கதான். கையும் போய், ரூமும் போகணுமா? பட்டையைத் திருப்பி மாட்டுங்க. இவ கைக்கு வழி சொல்லுங்க. அதுவரைக்கும் ஆவி கிடையாது."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே பயம் வந்தது. ஆனாலும் நடந்தார். பெரிய வால்வை மூடினார். கொக்கியால் நெருப்பை வாரி வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். கூடத்தில் உருளை முனகி நின்றது. இத்தனை வருஷத்தில் வேலை நாளில் கேட்காத அமைதி. திரும்பி வந்தபோது வாசலில் விழுந்திருந்த இடைவெளி அடைபட்டிருந்தது. நகர்ந்தவர்களும் வந்து நின்றிருந்தார்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

"மடிச்சு முடிச்ச விரிப்பு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்," என்றாள் மடிப்புக்காரி. "நோயாளி என்ன பாவம் பண்ணான்? நாங்களே தூக்கிட்டுப் போறோம்."

"நல்லாத் தூக்குங்க," என்றார் முதலாளி. "அழுக்கு மூட்டை அடுத்த தெரு சலவைக்குப் போகும். ரெண்டே நாள்ல நீங்க என் காலடியில." போலீசுக்குச் சொல்ல ஆபீஸ் பக்கம் போய்விட்டார்.

அவர் சொன்னது நிஜம். அடுத்த தெரு பாய்லர் எரிந்தால் இங்கே அணைந்ததற்கு அர்த்தமே இல்லை.

டெலிபோன் வெளியே வந்து கிழவர் காலில் குனிந்தாள். கிழவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திரு. உன்னை நான் மன்னிக்கலை. எவனாவது மன்னிச்சேன்னு சொன்னா நம்பாதே."

"சரி பெரியப்பா."

"கையைத் தூக்கி வை. தொங்கவிட்டா வீங்கும்."

மடிப்புக்காரி சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தெரு பாய்லர்காரர் உங்க கூட்டாளிதானே?" என்றாள்.

"கூட்டாளியா? பேச்சு விட்டு ஆறு வருஷம் ஆச்சு. சுயநலம் பிடிச்சவன்."

"அவரையும் நெருப்பை அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க பெரியப்பா. நாங்க இங்கே ஜெபம் பண்றோம்."

"பண்ணுங்க, பண்ணுங்க. அவன் கேக்க மாட்டான். இது ஒண்ணும் நடக்கப் போறதில்லை. நான் சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க."

அப்படிச் சொல்லிக்கொண்டே கிழவர் கரிக் கையைச் சட்டையில் துடைத்தார். பெண்களை விலக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி, அடுத்த தெருவை நோக்கி நடந்தார்.