ஒரே கடிதம், இரண்டு தாள்

குடிநீர் நிலையத்தின் வாசல் பலகையில் தினமும் காலை ஏழு மணிக்கு உப்பின் அளவை எழுதுவது அவள் வேலை. வேதியியல் படித்தவள். ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக அளந்து, கணக்குப் போட்டு, சாக்பீஸால் எழுதிவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் வாய் திறப்பதற்குள் உள்ளே ஓடிவிடுவாள்.

அன்று எழுதியது லிட்டருக்கு அறுநூற்றுப் பத்து மில்லிகிராம். இருநூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. ஆற்றின் மேல்பகுதி பக்கத்து நாட்டில் இருந்தது. அவர்கள் அணையைத் திறக்காதவரை கடல் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டே வரும். நிலையம் அழுக்கை வடிகட்டும், உப்பை வடிகட்டாது.

வீட்டில் அண்ணிக்கு ஏழாவது மாதம். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"சோத்துல குறைச்சுட்டேன். தண்ணியில எப்படிக் குறைக்கிறது? நீதான் படிச்சவ, சொல்லேன்," என்று அண்ணி சிரித்தாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து நாடு அணையைத் திறக்கச் சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. போனமுறை இங்கே ஒரு கட்சி போட்ட ஒப்பந்தத்தை அடுத்து வந்த கட்சி தூக்கிப் போட்டுவிட்டது. அதனால் இந்தமுறை இரண்டு கட்சிகளும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.

வியாழக்கிழமை இரண்டு தலைவர்களும் நிலையத்துக்கே வந்தார்கள். கேமராவுக்குப் பின்னணியில் ஆறு வேண்டுமாம். கடிதத்தில் இருந்த அளவுகள் அவளுடையவை என்பதால் தட்டச்சும் அவள் தலையில் விழுந்தது.

வாசகத்தில் ஒரு சொல்லுக்குக்கூடத் தகராறு இல்லை. யார் கையெழுத்து மேலே என்பதுதான் தகராறு. பக்கத்துப் பக்கத்தில் போடலாமென்று மாற்றி அடித்தாள். யார் இடது பக்கம் என்று கிளம்பியது. நிலைய மேலாளர் வேடிக்கையாக வட்டமாகப் போடலாமா என்று கேட்டுவைக்க, அதையும் அடித்துக் கொடுத்தாள். வட்டத்தின் உச்சியில் யார் என்றார்கள்.

"நாளைக்கு அணை திறந்தா, தன்னாலதான் திறந்துச்சுன்னு இவர் போஸ்டர் ஒட்டுவார்," என்றார் ஆளுங்கட்சிக்காரர்.

"நீங்க ஒட்டாம பசைய வாளியிலயே வச்சிருப்பீங்களாக்கும்," என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

இரண்டு பேர் கையிலும் பாட்டில் தண்ணீர்.

கடைசியில் ஆளுக்கொரு தாள் கேட்டார்கள். "சார், ஒரே தாள்லதான் வேணும்னு கேட்டிருக்காங்க."

"உனக்கு இந்த அரசியலெல்லாம் புரியாதும்மா," என்றார் ஒருவர். மற்றவர் தலையாட்டிச் சிரித்தார். அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டு தாள்களும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை பதில் வந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு கடிதம் போதும். எது உங்களுடையது என்று முடிவு செய்துகொண்டு மழைக்காலத்துக்குப் பிறகு வாருங்கள். அன்று மாலையே இரண்டு தலைவர்களும் தனித்தனியாக நிருபர்களைக் கூட்டி, கெடுத்தது அவர்தான் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தையை முன்னதாகவே எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் மருந்துச் சீட்டோடு கீழே ஓடினான். இந்தமுறை அண்ணி சிரிக்கவில்லை.

திங்கள் காலை ஆய்வகத்தில், கோப்பிலிருந்த இரண்டு நகல்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வரிமேல் வரி, எழுத்துமேல் எழுத்து அப்படியே பொருந்தியது. கையெழுத்து மட்டும்தான் வேறு.

ஏழு மணிக்குப் பலகையில் அறுநூற்று நாற்பது என்று எழுதினாள். அதன் கீழே இரண்டு தாள்களையும் ஒட்டினாள். உள்ளே ஓடவில்லை.

"என்னம்மா இது?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"ரெண்டையும் படிங்கண்ணே. ஒரு வார்த்தை வித்தியாசம் இருந்தா எனக்குக் காட்டுங்க."

அவர் விரல் வைத்துப் படித்தார். பின்னால் நின்றவர்கள் கேன்களைக் கீழே வைத்துவிட்டு நெருங்கினார்கள். யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள், யாரும் அதட்டவில்லை.

மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தால் தன் கதி என்ன என்று புலம்பினார். கிழித்துப் போடும்படி கெஞ்சினார்.

"மாட்டேன் சார்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரோட தாளை முதல்ல கிழிக்கணும்னு அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வரட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

பலகையை நோக்கி நீண்ட கையை மேலாளர் மெல்ல இறக்கிக்கொண்டார்.