மண் பார்த்த பக்கம்

பிளைவுட்டில் வெட்டு விழப்போகும் கோட்டின்மேல் தாள் டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் தஸ்லிம். சுவருக்கு அந்தப் பக்கம் அவளைப் பெற்ற அத்தாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

காலையில் டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. அத்தா சாஜித் எதிலும் அவசரக்காரர்தான், ஆனால் இதிலுமா என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கம் என்று முடிவாகிவிட்டது. கபர்க் குழியில் கிடத்திய மய்யித்துக்கு மேலே குறுக்காகப் பலகை அடுக்கி, அதன்மேல்தான் மண் தள்ளுவார்கள். பள்ளிவாசலில் இருந்த பலகைகள் தீர்ந்துபோயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை, மூக்கண்டப்பள்ளியில் ஒரு மரக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. அத்தா வாங்கிப்போட்ட பிளைவுட் இருக்கிறதே என்று சொன்னவள் அவள்தான்.

அத்தாவின் அண்ணன், பெரியத்தா குலாம் ரசூல் கைரம்பத்தோடு வந்து நின்றார்.

"தள்ளும்மா, நான் அறுத்துடறேன்."

"ரம்பம் போட்டா ஓரமெல்லாம் பிஞ்சுக்கும் பெரியத்தா. மெஷின்ல வெட்டறேன்."

"மண்ணுக்குள்ள போறதுக்கு நேர்த்தி எதுக்கு? மவுத்து ஊட்ல மெஷின் ஓடுனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்."

மேசை அகலத்துக்கு இருந்த சின்ன மெஷின் அது. கம்ப்யூட்டரில் போட்ட கோட்டின் வழியே சுழலும் வெட்டுமுனையை அதுவே நகர்த்தி வெட்டும். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாஜித் ஆசைப்பட்டு வாங்கியது. பிளைவுட்டின் மேல்தோல் பிய்யாமல் வெட்ட மேலே டேப் ஒட்ட வேண்டும், அடியில் கழிவுப் பலகை கொடுக்க வேண்டும், மெதுவாக ஓட்ட வேண்டும். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்வார். மூன்றாவதுதான் அவருக்கு ஆகாது. "இப்படி ஊர்ந்தா எப்ப முடியறது?" என்று வேகத்தைக் கூட்டுவார், ஓரம் பிய்ந்துகொள்ளும். அதைப் போய்க் கையால் தடவுவார். பிறகு சிராய் ஏறிய உள்ளங்கையை மகளிடம் நீட்டி, "எடும்மா" என்பார். ஊசியும் கையுமாக அவள் திட்டிக்கொண்டே எடுப்பாள்.

இன்று அவள் மெதுவாகவே ஓட்டினாள். ஒவ்வொரு பலகையும் வந்ததும் டேப்பை உரித்து, இரு பக்க ஓரத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஐந்து பலகைகள் வழவழவென்று வந்தன. அத்தாவுக்கு ஒரு நாளும் வாய்க்காத ஓரம். காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆறாவதற்கு டேப் இல்லை. வாசலில் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கத் தயாராகிவிட்டார்கள். அம்மா வஜிஹாவின் அழுகை உரக்கக் கேட்டது.

"நேரமாவுதும்மா," என்றார் பெரியத்தா. "ஒண்ணுதான பாக்கி. கொஞ்சம் வேகமா உடு."

தஸ்லிம் வேகத்தைக் கூட்டினாள். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல்தான் செய்தாள். மேல்தோல் நார்நாராகப் பிய்ந்து நின்றது. திருப்பினாள். கழிவுப் பலகை கொடுத்திருந்த அடிப்பக்கம் மட்டும் தப்பித்திருந்தது.

"இத மட்டும் பாத்து வைங்க பெரியத்தா. பிஞ்ச பக்கம் மண்ணப் பாக்கணும். நல்ல பக்கம் அத்தாவப் பாக்கணும். பொம்பள நா அங்க வர முடியாதில்ல."

அவர் பலகைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஆண்கள் தெருமுனை திரும்பும்வரை அவள் கேட்டுக்குள் நின்று பார்த்தாள். இனி அவர் கையில்தான் இருக்கிறது. பலகையை எந்தப் பக்கம் வைத்தார் என்று யாரைக் கேட்பது, கேட்டால்தான் உண்மை சொல்வார்களா?

வெளிச்சம் குறையும்போது பெரியத்தா திரும்பி வந்தார். குழாயில் மண்ணைக் கழுவிவிட்டு உள்ளே வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை விரித்து நீட்டினார்.

"ஊசி இருக்குதாம்மா?"

உள்ளங்கை நடுவில் சிராய் ஆழமாக ஏறியிருந்தது.

"மேல் பக்கத்துலதான் ஏறுச்சு," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "கீழ் பக்கம் தடவிப் பாத்துட்டுதான் வெச்சேன். எல்லாத்தையும்."

தஸ்லிம் ஊசியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சிராயின் முனையைத் தேடி நெம்பினாள். பெரியத்தா அசையாமல் இருந்தார். வெளியே வந்த சிராயை அவள் தரையில் போடவில்லை. உரித்த டேப் ஒன்றில் ஒட்டி, மடித்து, கைக்குள் வைத்துக்கொண்டாள்.