மொட்டை மாடியில் பாத்தி

வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடி முழுக்கப் பாத்தி கட்டி முடித்துவிட்டாள் சித்தாள். புதிதாகப் போட்ட காங்கிரீட் தளத்தின் மேல் சிமெண்டுக் கலவையால் சின்னச் சின்ன வரப்பு எடுத்து, உள்ளே தண்ணீரைக் கட்டி நிறுத்த வேண்டும். தண்ணீர் காயாமல் நின்றால்தான் தளம் இறுகும். மண்வெட்டி பிடித்து வளர்ந்த கைக்கு இதெல்லாம் விளையாட்டு. ஊரில் கிணறு வற்றி, நிலம் தரிசாகி, புருஷனோடு நகரத்துக்கு வந்தவள், இங்கேயும் வரப்பு வேலை கிடைக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

குடியிருப்பும் அந்தக் கட்டடத்திலேயேதான். கீழே பூச்சு வேலை ஆரம்பித்தால் ஒரு மாடி மேலே. அங்கேயும் ஆரம்பித்தால் இன்னொரு மாடி. அடுப்பும் பாயும் பாத்திரமும் அவளோடு படியேறும்.

"இத்தனை வீடு மாறிட்டோம், எவனாச்சும் வாடகை கேட்டானா பாருங்க!" என்று புருஷனைச் சீண்டுவாள். ஜன்னல் வைக்காத ஓட்டைகள் வழியே வரும் காற்றுக்கு மகள் படுத்தவுடன் தூங்கிப்போவாள்.

இனி ஏறுவதற்கு மாடி இல்லை. அதுதான் கவலை. அடுத்த வேலை எந்த மூலையில் கிடைக்குமோ. மகளின் பள்ளிக்கூடம் மறுபடியும் மாறும். ஆனால் கொத்தனாரான அவள் புருஷனிடம் எஞ்சினியர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "தளம் ஒழுகாம நின்னா வாட்ச்மேன் வேலை உனக்குத்தான். தங்க ரூமும் தர்றேன்."

அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் லாரி வரவில்லை. ஓரத்துப் பாத்தி ஒன்று காய்ந்துகொண்டு வந்தது. சித்தாள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய், மேட்டில் நிறைந்து நின்ற பாத்தியின் வரப்பை வெட்டி மடையைத் திறந்துவிட்டது. தண்ணீர் தவழ்ந்து போவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மத்தியானம் வந்து பார்த்தால், மேட்டுப் பக்கம் சுத்தமாகக் காய்ந்து மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, பயிருக்கா பாய்ச்சுறே? வயல்ல தண்ணி ஓடணும், இங்க நிக்கணும்!"

தேடி வந்த வாட்ச்மேன் வேலையைக் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று மூலையில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் வெடிப்பை உளியால் அகட்டி, கலவை அடைத்து, ஈரச்சாக்குப் போட்டு மூடினான்.

"அழாத. நானா இருந்தாலும் மடையத்தான் திறந்திருப்பேன்" என்றான்.

தளம் இறுகியதும் சோதனை. எஞ்சினியர் மாடி நிறையத் தண்ணீர் கட்டச் சொன்னார். கீழ்மாடியில் மூவரும் அண்ணாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். "அம்மா, அங்க ஒரு சொட்டு!" என்று மகள் விளையாட்டுக்குச் சொல்லி முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டாள். கடைசியில் எஞ்சினியர் ஏணி போட்டு ஏறி, கூரையைத் தடவிப் பார்த்தார். கை ஈரமாகவில்லை.

கிடைத்த அறை தரைத்தளத்தில், பம்பு மோட்டாருக்குப் பக்கத்தில். கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. அவளுக்கு அதுவே அரண்மனை. சுவர் நெடுகக் குழாய்கள் ஏறிப்போயின. குடிதண்ணீருக்கு ஒன்று, மழைநீருக்கு ஒன்று, குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து மாடித் தோட்டத்துச் செடிகளுக்கு அனுப்ப ஒன்று. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"சார், இங்க திறந்து பிடிக்க ஒரு குழாய்..." என்று எஞ்சினியரிடம் இழுத்தாள்.

"பிளான்ல இது மெஷின் ரூம்மா. ஆளுங்களுக்குன்னு எதுவும் போடலை."

மறுநாள் காலை தெருமுனைக் குழாயடியில் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவள் திரும்பி, "புதுசா? வீடு எங்க?" என்று கேட்டாள்.

"அதோ, அந்தப் பெரிய கட்டடம். அத்தனை வீட்டுக்கும் தண்ணி எங்க ரூம் வழியாத்தான் போகுது, தெரியுமா!"

பெருமை தாங்காமல் சிரித்துக்கொண்டே, காலிக் குடத்தை ஓரடி முன்னால் நகர்த்தி வைத்தாள்.