நீலக் கட்டம் போட்ட துணி

உக்காரட்டும். நல்லா வேர்க்கட்டும். அன்னைக்கு இந்த ஆளு ஸ்கூலு வராந்தாவுல கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நின்னேனே, எனக்கு யாரு நாற்காலி போட்டாங்க?

அடுப்படியிலிருந்து அமிர்தம் எட்டிப் பார்த்தாள். சிமெண்டு ஷீட்டுக் கூரையின் வெக்கையில் பள்ளித் தாளாளர் சக்கரபாணி கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுவதற்காக, ஒன்பதாவதிலேயே கணக்கில் தடுமாறிய பிள்ளைகளை டி.சி. கொடுத்துக் கழித்தவர் அவர். அமிர்தத்தின் மகள் சந்திரலேகாவும் அதில் ஒருத்தி. "அம்மாவாட்டம் பீங்கான் கம்பெனியில கப்புக்குக் கைப்பிடி ஒட்ட இந்தப் படிப்பு போதும்" என்று அன்றைக்கு அவளிடம் சிரித்தார். அரசுப் பள்ளிக்குப் போன அந்தப் பெண்தான் இந்த வருஷம் பத்தாவதில் ஊருக்கே முதல்.

"ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல பிளாட்டு போட்டு வூடு கட்டி விக்கிறேம்மா. வூடு வாங்குறவங்க புள்ளைங்களுக்கு நம்ம ஸ்கூல்ல ஃபீஸே கெடையாது. படிச்சவன்லாம் நெய்வேலிக்கு ஓடிட்டா இந்த ஊரு எப்பத்தான் முழிச்சுக்கும்?"

"அதானுங்க."

"உன் பாப்பா நம்ம யூனிபார்ம்ல நிக்கற மாதிரி ஒரு போட்டோ. பேனர்ல போடணும். ப்ளஸ் டூ வரைக்கும் இலவசமா படிக்கட்டும்."

அமிர்தம் டீயில் சர்க்கரை போட்டாள். விலை இன்னும் ஏறட்டும்.

"சரி, அங்கயே ஒரு வூடு. உங்க பேர்லயே எழுதித் தரேங்க."

'உன்' போய் 'உங்க' வந்துவிட்டது. வீடும் வந்துவிட்டது. ஒழுகாத கூரை, சொந்தமாக ஒரு குழாய். ஒரு கணம் அவள் கை நின்றது. வேண்டாம் என்று சொல்லத் துடிப்பது மகளுக்காகவா, தனக்காகவா? தனக்காகத்தான். தெரிந்தும் வெட்கம் வரவில்லை.

கொதிக்கும் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து, அவர் முன்னால் டம்ளரில் ஊற்றினாள். அவர் பையிலிருந்து புது யூனிபார்மை எடுத்து நீட்டினார். நீலக் கட்டம். நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் பிடித்திருந்த கரித்துணியிலும், புகைக்கறைக்கும் எண்ணெய்க்கும் அடியில், அதே நீலக் கட்டம்.

"இது..."

"உங்க ஸ்கூலு துணிதாங்க. நல்லா சூடு தாங்குது."

அவர் முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கம்மா. வூடுங்க... சொந்த வூடு."

அமிர்தம் புதுத் துணியை மடிப்புக் கலையாமல் வாங்கி, அவர் பைக்குள்ளேயே வைத்தாள்.

"வேணாங்க. டீ ஆறுது, குடிச்சிட்டுப் போங்க."